“பரவாயில்லீங்க” என்றால் நம்பாத கட்டிங் மாஸ்டர்

ஈரோட்டுச் சந்தையில் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி லாரி டிரைவர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார். “நம்ம கட்டிங் மாஸ்டர் போயிட்டாருங்க” என்றார். சந்தையே ஒரு நிமிடம் நின்றுபோனது. இல்லை என்று சொல்கிறவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள்.

கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி அண்ணனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. படிப்பு எனக்கு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் பெரியநாயக்கன்பாளையம் தையல் கொட்டகையில் அவருக்கு எதிர் மேசையில் நின்றவன் நான். அவர் கத்தரி ஓடும் சத்தத்துக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸே வேகம் குறைக்கும். பெரிய கோபக்காரர். “துணி பொய் சொல்லாது மாப்ளே, அதைப் போட்டுக்கறவன் சொல்லுவான்” என்பார். அதன் பொருள் எனக்கு விளங்கியது காக்கிச் சட்டை ஆர்டரில்தான்.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு மில்லின் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் சட்டை. எங்களுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. துணிமேல் வைத்து வெட்ட நடு அளவுக்கு ஓர் அட்டை வெட்டி, அதிலிருந்து குறைத்தும் கூட்டியும் மற்ற அளவுகளுக்கு அட்டை போட வேண்டும். அதை அண்ணனே போட்டார். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவதால், அட்டை தப்பினால் அடுக்கு முழுவதும் தப்பும். முதலாளி கையைப் பிசைந்தார். “இது சொதப்புச்சுன்னா கொட்டகையப் பூட்டிப்போட்டு நான் மஞ்ச யாவாரத்துக்குப் போக வேண்டியதுதானுங்க மாஸ்டர்.”

மாதிரிச் சட்டைகளைப் போட்டுப் பார்க்க மில் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மாரப்பன் கதவு அகலம் இருப்பான். நிலைப்படியில் பக்கவாட்டில்தான் நுழைவான். “ஏனுங், எங்கியாச்சும் இறுக்கிப் புடிக்குதுங்களா?” என்று அண்ணன் கேட்டார்.

“பரவாயில்லீங்க.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. “அப்புறம் என்னுங் மாஸ்டர், கத்தியப் போடச் சொல்லுங்க.”

அண்ணன் அசையவில்லை. மாரப்பனை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணு, அந்தப் பரண்மேல நூல் பெட்டி இருக்குது, எடுத்துக் குடு.”

மாரப்பன் கையைத் தூக்கினான். கையோடு சட்டையும் எழுந்தது, தொப்புள் தெரிந்தது. அவன் மறு கையால் சட்டையை இழுத்து மூடினான்.

“இதுக்குப் பேருதான் பரவாயில்லீங்களா?”

“மொகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது? நீங்களே வெட்டுனதாச்சே.”

“அடப்பாவி! உன்ற மரியாதையில என்ற கொட்டகைய மூடப் பாத்தியே!”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது, ஓடு ரெண்டு நழுவியது. அண்ணன் சிரிக்கவில்லை. தான் போட்ட அட்டைகளைத் தானே கிழித்தார். பெரிய அளவுகளுக்கு மார்பைக் கூட்டும்போது, தாராளமாக இருக்கட்டும் என்று அக்குள் வெட்டையும் ஆழமாக இறக்கியிருந்தார். இறக்கினால் கை தூக்கும்போது சட்டையும் கூடவே ஏறும். அக்குளை மேலேற்றிப் புதிய அட்டை போட்டு, மாரப்பனை மறுபடி பெட்டி எடுக்க வைத்தார். சட்டை இடுப்பில் இருந்தது. அதன்பிறகே கத்தி இறங்கியது. கொட்டகை பூட்டப்படவில்லை, கம்பெனியாக வளர்ந்தது. பாதிக் கோயம்புத்தூர் எங்கள் சட்டையைத்தான் போட்டது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் “புடிக்குதா” என்று கேட்டதே இல்லை. பெட்டி எடுக்கச் சொல்வார், குனிந்து நூல் பொறுக்கச் சொல்வார், பார்த்துக்கொண்டே நிற்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார்.

“ஒடம்பு எப்படிங்ணா இருக்குது?”

“பரவாயில்லே மாப்ளே.”

எனக்கு என்ன தோன்றியதோ, “அண்ணா, ஜன்னல்ல இருக்கற உங்க கண்ணாடிய எடுங்க, பாப்பம்” என்றேன். கை மெத்தையை விட்டு எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். சிரித்தார்.

“என்ற வேலைய என்கிட்டயே காட்டறயா?”

கண்ணாடியை எடுத்து நானே மாட்டிவிட்டேன்.

அவர் கத்தரி மகனிடம் இருக்கிறது. அட்டைகள் கம்பெனியில் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வையை. வாயை விட்டுக் கையைப் பார்க்கும் பார்வையை. மயானத்திலிருந்து திரும்பும்போது எல்லோரும் என்னிடம் “தெம்பா இருக்கீங்களா?” என்று கேட்டார்கள். “பரவாயில்லீங்க” என்றேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். பரண்மேலிருந்து பெட்டியை எடுக்கச் சொல்ல ஒருவர்தான் இருந்தார்.