ஜெயவேலுவைப் பிடித்தவர்

சேலையூர் சடுகுடு அணியில் பாடிப் போக ஜெயவேலுவை விட்டால் ஆளில்லை. 1987 மழைக்காலத்தில் அவனுக்குத் தொண்டை புண்ணாகிக் காய்ச்சல் வந்தது. அது விட்ட சில வாரங்களில் முதுகு, மார்பு, தொடை எங்கும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மேலே வெள்ளைச் செதில்.

படர்தாமரை என்று பக்கத்து டாக்டர் களிம்பு கொடுத்தார். அடங்கவில்லை. குஷ்டமோ என்று தெருவில் பேச்சு எழுந்தது. அணித் தலைவன் ராஜாராமன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மச்சான், தப்பா நெனைக்காத. பசங்க பயந்துகினு கீறானுங்க. கொஞ்ச நாளு வூட்லயே இரேன்."

"இது இன்னான்னே தெரியாம நான் ஏன்டா ஒக்காரணும்?"

மறுநாளே ரயிலேறி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் போய் நின்றான். டாக்டர் மெட்டில்டா பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு புள்ளியை மெல்லச் சுரண்டினார். மெழுகைச் சீவியதுபோல் செதில் உதிர்ந்து, அடியில் ஊசிமுனையளவு ரத்தம் துளிர்த்தது.

"இதுக்கு முன்னாடி தொண்டை வலி வந்துதா?"

"ஆமா மேடம்."

"குஷ்டம் இல்லப்பா. சோரியாசிஸ். அதுல பல வகை இருக்கு. முழங்கால், முழங்கையில தடிப்பாப் படியறது ஒண்ணு. அக்குள் மடிப்புல செவக்கறது ஒண்ணு. உனக்கு வந்திருக்கறது மழைத்துளி மாதிரி தெறிக்கற வகை. தொண்டைப் புண்ணுக்கு அப்புறம் வரும். பெரும்பாலும் தானா அடங்கிடும், திரும்பியும் வரலாம்."

"தொத்துமா?"

"யாருக்கும் தொத்தாது."

அது போதும் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை படப்பை அணியோடு ஆட்டம். சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினான்.

"தொத்தாதுன்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. பயந்தவன் வெளிய நில்லு" என்றான். அவன் அணியில் ஒருவனும் நகரவில்லை.

அவன் பாடிப் போனபோது படப்பைக்காரர்கள் பிடிக்க வரவில்லை, ஒதுங்கி ஓடினார்கள். விரட்டி விரட்டித் தொட்டான். ஆள் ஆளாக வெளியேறினார்கள். அணிக்கு ஆட்டப் புள்ளிகள் குவிந்தும் அவன் முகம் இறுகியே இருந்தது. அடுத்த பாட்டுக்குக் கோட்டருகே வந்தபோது எதிரணித் தலைவர் பொன்னுரங்கம் கேட்டார்.

"நெசமாவே தொத்தாதுன்னாங்களா?"

"சத்தியமா, அண்ணா."

உள்ளே நுழைந்த மறுகணம் பொன்னுரங்கம் அவன் கணுக்காலைக் கவ்விப் பிடித்தார். மற்றவர்களும் மேலே விழுந்து அமுக்கினார்கள். மூச்சு அறுந்தது. அவுட். மண்ணில் கிடந்தபடி ஜெயவேலு வாய்விட்டுச் சிரித்தான்.

கோடையில் உடம்பிலிருந்த புள்ளிகள் மறைந்தன. 1993இல் அதே நோய் வேறு வகையாக, முழங்கால்களில் தடித்த படையாக வந்தது. அடிபடும் இடத்தில் அதிகமாகும் என்று டாக்டர் எச்சரித்தார். களிம்பைத் தடவி, துணியுறை மாட்டிக்கொண்டு அவன் மேலும் சில ஆண்டுகள் பாடிப் போனான்.