படியில் விழாத அக்கா

போன வாரம் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து மாமாவை முறைத்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அக்காவின் கணவர். ரொம்ப நல்லவர். பிரச்சினையே அதுதான்!

என் அக்கா முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைப்பவள். ரெண்டு மாசம் முன்பு பெரிய மார்க்கெட் பக்கம் ஓரமாக நின்று பூ வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு கார் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

காரை ஓட்டியவர் ஓடிவிடவில்லை. அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தகவல் தெரிந்து பதறிக்கொண்டு வந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, போலீஸ் கேஸுன்னு ஆனா என் வேலை போயிடும்ணே. வைத்தியம் முழுக்க நானே பாத்துக்கறேன்."

மாமா உருகிவிட்டார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதும், "வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டா சார்" என்றார்! அக்கா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்... மறுத்துப் பேசத் தெம்பில்லை. டாக்டரும் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அந்தக் கார்க்காரர் ஒருநாள் ஆப்பிளோடு வந்து நலம் விசாரித்தார். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. கட்டுப் பிரித்தும் அக்காவின் மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்குகிறது. வந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நஷ்டஈடு கேட்க முடியுமா என்று கேட்டோம். வக்கீல் அம்மா நிதானமாக ஆரம்பித்தார்.

"அடிபட்டிருக்கு, சரி. தப்பு கார்க்காரர் மேல, அதுவும் சரி. அந்தத் தப்பாலதான் இந்த அடின்னு எப்படிக் காட்டுவீங்க? படியில விழுந்ததா நீங்களே சொல்லியிருக்கீங்களே!"

"பாவம்னு பாத்தேம்மா..." என்றார் மாமா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அந்தாளு பாவம். அப்ப நானு?"



வழி அடைபடவில்லை என்றார் வக்கீல். தாமதமாகவாவது புகார் கொடுக்க வேண்டும். ஏன் தாமதம், ஏன் பொய் என்பதை மாமாவே சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்த சாட்சியும் வேண்டும்.

நேராக மார்க்கெட்டுக்குப் போனோம். பூக்கார அம்மாவுக்கு அக்காவை நன்றாக ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் படி என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். "என் கண்ணு முன்னாலதான விழுந்துச்சு! எங்க வேணா வந்து சொல்றேன். ஆமா, படியில விழுந்துச்சுன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?"

புண்ணியவான் பக்கத்திலேயே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் இன்னும் மோசம். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார் எஸ்.ஐ. கேட்கமாட்டாரா பின்னே?

மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் நிமிர்ந்து சொல்லிவிட்டார். "அன்னிக்குச் சொன்னதுதான் சார் பொய். நான்தான் சொன்னேன். இவ ஒண்ணும் சொல்லல."

புகாரை வாங்கிக்கொண்டார்கள். இனி கோர்ட்டில், நஷ்டஈடு தர வேண்டிய அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலும் இதையேதான் கேட்பார். ஜெயிக்குமா, தெரியாது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் உண்டா?

பாவம் பார்ப்பது தப்பே இல்லை சார். முதலில் அடிபட்டவருக்குப் பாருங்கள்... மிச்சமிருந்தால் இடித்தவருக்கு!