வெள்ளிக்கிழமை கழுவிய கோழிக்கூடு

மலாயாவில் அவசரகாலத்தின்போது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாதென்று வெள்ளைக்காரர்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அதுவரை ரப்பர் மரத்தில் ஏறித் தூங்கிய என் கோழிகளை நானும் கூட்டில் அடைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைக் கழுவுகிற கையோடு கூட்டையும் கழுவுவேன். ஊரடங்குக்கு முன்பே ஈரத்தரையில் புது மரத்தூளைக் கொட்டிக் கதவைச் சாத்திவிடுவேன். சுத்தம் என்றால் தண்ணீர்தான் என்று வளர்ந்தவள் நான்.

ஒரு மழைக்காலத்தில் ஐந்து குஞ்சுகள் செத்தன. பக்கத்து வீட்டு அக்கா கூட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி தூளை அள்ளி அமுக்கினார். அது பிடிகொழுக்கட்டை போல விரல் பதிந்து நின்றது.

“தண்ணிய ஊத்தி ஊத்தி நீதான் கொன்னுட்ட லா. ஈரமான எடத்த மட்டும் தெனமும் அள்ளி வெளிய போடு. கையில எடுத்தா உதிரணும். ஒட்டுனா மொத்தமா மாத்து. வெள்ளிக்கிழமையெல்லாம் கோழிக்கு என்னா தெரியும்?”

வாரம் தவறாமல் இடுப்பொடியக் கழுவியவளுக்கா இந்தப் பேச்சு என்று சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டுக்குத் தண்ணீர் தூக்கவில்லை. தினமும் ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தேன். ஒரு மாதம் போல உதிர்ந்துகொண்டே இருந்தது; ஒட்டியதும் மொத்தமாக மாற்றினேன். தண்ணீரை நிறுத்தியபின் ஒரு குஞ்சும் சாகவில்லை.

காற்றும் இடமும் பாராமல் எங்களை அடைத்துவிட்டார்கள் என்று வேலி போட்டவர்களை அப்போதெல்லாம் தினமும் திட்டுவேன். திட்டிக்கொண்டேதான் அந்த ஈரக்கூட்டின் கதவையும் சாத்தியிருக்கிறேன்.