ரேடியோ வேலி

நம் ஊர்ப் பொது ரேடியோவைச் சுற்றி வேலி போட்டது சேரி மக்களைத் தடுக்கத்தான்.

இன்று மாலைச் செய்தியில் எல்லைச் சண்டை. பட்டாளத்தில் மகனை வைத்திருக்கும் சேரி அஞ்சலை வெளியே நின்று கெஞ்சினாள். "கொஞ்சம் சத்தமா வையி சாமி, எம்புள்ள அங்கதான் இருக்கான்."

"கேக்கலன்னா நான் இன்னா பண்றது?" என்றார் ரேடியோவைப் பார்த்துக்கொள்பவர்.

வேலிக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் எழுந்தாள். அவள் மகனும் அதே சண்டையில்தான் இருக்கிறான். வேலியருகே போய், கேட்டதையெல்லாம் அஞ்சலைக்குத் திருப்பிச் சொன்னாள்.

"பேரு ஒண்ணும் சொல்லலடி. அழாத."

சொன்னவளும் அழுதாள். கம்பியின் இருபுறமும் நான்கு கைகள்.

கோவிந்தம்மாளின் புருஷன் வந்தான். "ஊரே பாக்குது. ஊட்டுக்கு நட." தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். அஞ்சலை வெறும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"நாளைக்கு அந்த வேலிக் கதவைத் திறந்து வைங்க" என்று கத்தினேன்.

எல்லோரும் ரேடியோவில் நெல் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.