சரவணம்பட்டி வரை கூட ஓடியவன்

பந்தயத்தில் ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். தோற்றவர்களைப் பற்றியும் இரக்கப்பட்டு யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும், தீபாவளி முடிந்த கையோடு, கோயமுத்தூர் மில்கள் சில சேர்ந்து ஒரு நெடுந்தூர ஓட்டம் நடத்துவார்கள். அதில் வருஷம் தவறாமல் ஓடியிருக்கிறேன். முதல் வருஷத்தைத் தவிர முடிவுக் கோட்டை மிதித்ததே இல்லை. மிதிக்கக்கூடாது என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

கமிட்டி ஒட்டிய நோட்டீஸில் என்னைப் போன்றவர்களுக்கு 'முன்னோடி' என்று பேர் போட்டிருக்கும். பெரிய தலைவர்களுக்கு வைக்கிற பேரை எனக்கு வைத்திருக்கிறார்களே என்று சிரித்துக்கொள்வேன். மில்லில் பச்சையாக 'இழுத்து விடுறவன்' என்பார்கள். அதுதான் சரி. எங்கள் மில் ஆளுக்கு முன்னால் ஒரே சீராக ஓடவேண்டும். எதிர்காற்றை நான் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆரம்பத்தில் அவன் துள்ளிப் பாய்ந்து கடைசியில் நாக்குத் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கணபதிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் கிளம்பி, சத்தி ரோட்டில் கோயில்பாளையம் வரை போய், வந்த வழியே திரும்புகிற ஓட்டம் அது. திரும்பும்போது சரவணம்பட்டியில் ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அங்கே நான் ஒதுங்கிவிடவேண்டும். மிச்சத்தை அவனே ஓடவேண்டும்.

சரவணம்பட்டி அப்போது சோளக்காட்டுக்கு நடுவில் இருந்த ஊர். ஒதுங்கியவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். ஏதாவது வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடிப்பேன். பிறகு மைதானத்துக்கு நடையைக் கட்டுவேன். போய்ச் சேரும்போது மாலை போட்டு, பேண்டு அடித்து, எல்லாம் முடிந்திருக்கும். பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம்தான் யார் ஜெயித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

இந்த வேலை எனக்கு வந்த விதமே ஒரு கூத்து. முதல் வருஷம் நானும் ஜெயிக்கலாம் என்றுதான் ஓடினேன். காற்று பலமாக அடித்தது. மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கி மைதானம் வரை வந்து, கடைசியில் என்னைத் தாண்டிப் பாய்ந்து, முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக வந்துவிட்டார்கள். கடைசி அரை மைலில் பாய்கிற சூடு என் உடம்பில் கிடையாது. எங்கள் மில்லின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடி பிசகாம ஓடறீங்களே! அடுத்த வருஷம் நம்ம ஆளுக்கு முன்னால ஓடுங்க" என்றார். பாராட்டு என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

அடி பிசகாததற்குக் காரணம் என் தொழில். ஸ்பின்னிங்கில் நான் சைடர். இரண்டு பக்கமும் நூல் ஓடும் மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிடித்து ஒட்டவேண்டும். சங்கு ஊதி உள்ளே போனால் மறுபடி சங்கு ஊதும் வரை நடைதான். அந்த இரைச்சலில் பேசினால் காதில் விழாது, எல்லாம் கைஜாடைதான். வெளியே வந்தும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போனபின் அண்ணன்மார் காடு தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு நான் அங்கே போவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எனக்குப் பெண் பார்க்க யாரும் முன்கை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு, வாரம் முழுக்க நான் பேசிய பேச்சைக் கூட்டினால் டீக்கடையில் "ஒரு டீங்க" என்றது மட்டும்தான் தேறும். மில்லில் எனக்கு ஊமையன் என்று பட்டப்பேர். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கோபப்படுவதற்கும் வாயைத் திறக்கவேண்டுமே.

ஓடும்போது மட்டும் நான் வாயாடி. முன்னால் ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அடி தவறும். பின்னால் வருகிறவன் எப்படி இருக்கிறான் என்று தெரிய ஒரே வழி கேள்வி கேட்பது. முழு வாக்கியமாகப் பதில் வந்தால் தெம்பாக இருக்கிறான் என்று அர்த்தம். "ஆமாங்" என்று பாதியில் நின்றால் கொஞ்சம் தளர்த்தவேண்டும். வெறும் "ம்" வந்தால் ஆபத்து. பதிலில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை, மூச்சுதான் முக்கியம். யோசிக்க வைத்தால் அவன் அடி தவறும். அதனால் இருவருக்கும் தெரிந்த விஷயத்தையே கேட்பேன். ஒரே சட்டியில் ஆக்கி ஒன்றாகத் தின்ற பிறகும், "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்பேன். அவனும் சொல்வான்.

'அவன்' என்றேனே, அந்த ஒருவனைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும். அன்னூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். மில்லில் பதிலி. நிரந்தர ஆள் யாராவது வராத நாளில்தான் பதிலிக்கு வேலை. மற்ற நாட்களில் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வேலையை நிரந்தரமாக்கி, மில் தொழிலாளர் லைனில் ஒரு வீடும் கொடுப்பதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓட்டத்துக்குப் பழக வசதியாக இருக்கும் என்று ஸ்போர்ட்ஸ் ஆபீசர் அவனை என் ரூமுக்கு அனுப்பினார். ஆடி மாதம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஏனுங்ணா, இன்னிக்கு நான் சோறாக்கட்டுங்ளா? நீங்க சும்மா உக்காருங்ணா" என்று அடுப்பைப் பற்றவைத்தான். அரிசிம்பருப்பு சோறு. காரம் மண்டையைப் பிளந்தது. "நல்லாருக்குதுங்ளா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து நான் வரும் வரை தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். எத்தனை சொன்னாலும் தனியாகச் சாப்பிடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தால் குழந்தையைப் பற்றி ஓயாத பேச்சு. குப்புற விழுந்துவிட்டாள், தவழ்கிறாள், இவனைப் பார்த்துவிட்டு அழுதாள் என்று ஒன்று விடாமல் சொல்வான். எனக்கு எரிச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். புரட்டாசி பிறப்பதற்குள் ஞாயிறு சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

விடியற்காலையில் சத்தி ரோட்டில் பழகினோம். "பாப்பாளுக்குப் பேரென்னப்பா?" என்று முன்னாலிருந்து கேட்பேன். அவன் பின்னாலிருந்து பேரைச் சொல்வான். அந்தக் கேள்விக்கு மட்டும் எத்தனை மைல் ஓடியிருந்தாலும் அவன் குரல் இளைக்காது. அதனால் அதை அடிக்கடி கேட்கமாட்டேன், நிஜமாகவே அவன் நிலைமை தெரியவேண்டிய இடத்துக்கு என்று வைத்திருந்தேன். அதில்கூடக் குரல் உடைந்தால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பது என் கணக்கு.

பந்தயத்தன்று வாடைக்காற்று மூஞ்சியில் அறைந்தது. கோயில்பாளையம் வரை அவனை என் முதுகுக்குப் பின்னாலேயே வைத்து இழுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது வேறு மில்காரர்கள் இரண்டு பேர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்விட்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டோம். மூன்றாவது ஆள் ஒரு பர்லாங்கு முன்னால், மழையில் ஊறிய கிளுவை வேலியை ஒட்டித் தலையை ஆட்டி ஆட்டி ஓடிக்கொண்டிருந்தான். களைத்துவிட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது. இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால் சரவணம்பட்டியில் அவனைத் தொட்டுவிடலாம். கூட்டாவிட்டால் முடியாது. கூட்டுவதும் கூட்டாததும் என் காலில் இருந்தது.

அந்த இடத்தில் நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். இவன் தோற்கட்டும் என்று நினைத்தேன். தோற்றால் இன்னும் ஒரு வருஷம் பதிலியாக இருப்பான். என் ரூமில் இருப்பான். தட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பான். நான் வேகத்தைக் கூட்டவில்லை என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அவனுக்கே தெரியாது. என்னை நம்பி என் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறவன் அவன். ரூமை நினைத்தேன். அவன் பெட்டி இருக்கும் மூலை காலியாகக் கிடப்பதை நினைத்தேன்.

"பாப்பாளுக்குப் பேரென்னப்பா?" என்று கேட்டேன்.

பேரைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். "எத்தன தடவைங்ணா கேப்பீங்க! காதுல பஞ்சு அடச்சுக்கிச்சுங்ளா?"

அத்தனை மைலுக்குப் பிறகு கேலி பேசுகிற மூச்சு இருக்கிறது அவனிடம். அதைக் கேட்ட பிறகு எப்படிக் கேட்காத மாதிரி ஓடுவது? கூட்டினேன். அவன் ஒட்டிக்கொண்டே வந்தான். முன்னால் போனவனுடைய பனியனின் ஈரம் தெரிகிற தூரத்தில் சுண்ணாம்புக் கோடு வந்தது. "போ கண்ணு" என்று ஒதுங்கினேன். என்னைத் தாண்டும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மைதானத்தில் பந்தல்காரர் சொன்னார், எங்கள் மில் ஆள் மூன்றாவது என்று. எனக்குச் சந்தோஷம் பொங்கியது, பொய் சொல்லவில்லை. அது ரூமுக்கு நடந்துபோகும் வரைக்கும் இருந்தது. அவனை எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேலை நிரந்தரமானது. அவனை இரண்டாவது ஷிப்டில் போட்டார்கள், நான் முதல் ஷிப்ட். நான் வரும்போது அவன் போவான். "அண்ணா, இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல அவ வண்டியில வாராளுங்க. என்ற பெட்டிய எடுத்துக் குடுத்துப்போடுங்ணா" என்று ஒருநாள் காலையில் சொன்னான். லைன் வீடு எங்கள் தெருவிலிருந்து ஒரு மைல்கூட இருக்காது. தினம் வந்து பார்ப்பதாகச் சொன்னான். அவன் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஷிப்ட் கணக்குத் தெரியும்.

நான் ஷிப்ட் முடிந்து வந்து, அவன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், மூன்றரை மணிபோல மாட்டுவண்டி வந்தது. அண்டாவும் பாயும் சாமான் மூட்டையும் ஏற்றி, மேலே அந்தப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து கும்பிட்டாள். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அவள் போகாமல் நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் வாய் ஓயாமப் பேசுவாருன்னு அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. நீங்க ரெண்டு வார்த்த பேசுனாக் கேட்டுட்டுப் போலாம்னு நிக்கறேனுங்க" என்றாள்.

நான் வாயாடி என்று நினைத்திருந்த ஒரு வீடு இந்த உலகத்தில் இருந்திருக்கிறது. எதையாவது பேசியே ஆகவேண்டும். நின்ற இடத்தில் எனக்கு என்ன பேச்சு வரும்? குழந்தை அவள் இடுப்பிலிருந்து என்னையே பார்த்தது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"பாப்பாளுக்குப் பேரென்ன அம்மிணி?"

அவள் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. "அவரு சொல்லலீங்களா?" என்றாள். குழந்தையின் பேரைச் சின்னக் குரலில் சொன்னாள். இத்தனை மாதம் ஒன்றாக இருந்தும் பெற்ற பெண்ணின் பேரைக்கூட அந்த மனுஷன் வாயில் எடுக்கவில்லையா என்று அவள் நினைத்தது அப்படியே முகத்தில் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

சொல்லாமலா அம்மிணி, தினம் சொன்னான், மூச்சு முட்ட ஓடும்போதும் சொன்னான், அவன் ஜெயித்ததே அந்தப் பேரைச் சொல்லித்தான். இத்தனையும் என் நாக்குக்கு வந்து சேர்வதற்குள் வண்டிக்காரர் மாட்டைத் தட்டிவிட்டார். மாட்டுவண்டிதான், பிடிக்க ஓட்டக்காரன் வேண்டியதில்லை, நாலு எட்டு நடந்தாலே போதும். நான் வாசற்படியிலேயே நின்றேன். வண்டி தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.