பெரியவரிடம் சொல்ல வேண்டியது

என் மாமியார் நல்லம்மாளுக்குக் கடலைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்து, மலேசியாவிலிருந்து விமானம் ஏறி, இலங்கையின் தென்கரைக்கு வந்து இறங்கியிருக்கிறோம். தென்னை மரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து நிற்கின்றன. அந்த மணலில் நின்றுகொண்டு, "நம்ம லூமுட் கடக்கரையிலயும் இப்படித்தான்லா இருக்கும்" என்றார். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியவள் நான். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்க வேண்டாம்.

பிறகு ஓர் ஆமை கரையோரம் பாசி மேய வந்தது. அத்தை கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அது போகும் வரை வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் கேட்ட முதல் கேள்வி, "சரி, பெரியவரை எப்போ பாக்கப் போறோம்?"

பெரியவர் என்றால் யானை. அத்தை முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். தோட்டம் கைமாறி, ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் வரிசை வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாசலில் மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதுவும் வராத அந்த இடத்திலும் அவருக்கு அது பெரியவர்தான்.

சுங்கை சிப்புட் பக்கம், காட்டை ஒட்டிய தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர் அவர். ஈப்போவுக்கு வந்ததும் கையுறை பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். "அப்போ மரத்துல பாலா பாத்தேன், இப்போ பெட்டியில கையுறையா பாக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. புதுச் சேலை எடுத்துக் கொடுத்தாலும் "எனக்கு எதுக்குலா?" என்பார். வெளியூர் எங்கே போகலாம் என்று என் கணவர் தனேஸ்வரன் கேட்டபோது மட்டும், யோசிக்காமல், "பெரியவர் இருக்கிற ஊருக்கு" என்றார்.

"தைப்பிங் ஸூல இருக்கே அத்தை?"

"அடைச்சு வெச்சிருக்கறவருகிட்ட போய் எப்படிலா சொல்றது? அவரு பாட்டுக்கு நடக்கணும். அப்போதான் சொல்லணும்."

என்ன சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தனேஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மழைநாள் விடியற்காலையில் அத்தை தண்ணீர் பிடிக்க வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தால் சமையலறைப் பலகைச் சுவர் பெயர்ந்து கிடக்கிறது. இருட்டில் ஒரு தும்பிக்கை மட்டும் உள்ளே துழாவிக்கொண்டிருக்கிறது. பிள்ளை தூளியில். யானை வந்தால் தட்டுவதற்கென்றே லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருப்பார்கள். அத்தையின் கை அந்தத் தகரத்துக்குப் போகவே இல்லை. தும்பிக்கை உப்பு ஜாடியை எடுத்தது, வாழைத்தாரை எடுத்தது, தூளியைத் தொட்டு லேசாக ஆட்டியது, போய்விட்டது. பிள்ளை விழிக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டு வரும்வரை, எங்கே சுள்ளி முறிந்தாலும் அத்தை தகரத்தை எடுத்துத் தட்டித் தீர்த்துவிடுவாராம்.

"பிள்ளையை விட்டுட்டுப் போனவருக்கு ஒரு நன்றிகூட சொல்லல. தகரத்தைத் தட்டித் தட்டி விரட்டிக்கிட்டே இருந்துட்டேன்" என்று அடிக்கடி சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். ஊர் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஆனால் ஆமை வந்த மறுநாள் பிடித்த மழை, கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை விடவில்லை.

கடைசி நாள் ஜீப்பில் காட்டுக்குள் போனோம். வெகுநேரம் மயிலும் எருமையும்தான். ஒரு திருப்பத்தில் புதருக்குள் சடசடவென்று கிளை முறிந்தது. இலைகளுக்கு நடுவே சாம்பல் நிறமாக ஒரு முதுகு தெரிந்தது. தனேஸ் மெதுவாக, "அம்மா, அங்க பாருங்க" என்றார்.

டங் டங் டங்! அத்தை கையிலிருந்த எவர்சில்வர் பாட்டிலால் ஜீப் கம்பியை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கூடவே "ஏய்! ஏய்!" என்ற சத்தம் வேறு. அந்த முதுகு திரும்பியது, காடு அதிர ஓடி மறைந்தது.

"ஐயோ அத்தை! என்ன செஞ்சிட்டீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "நான் தட்டலம்மா. கை தட்டிருச்சு" என்றவர், நான் பார்த்து ஒரு நாளும் அழாதவர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஜீப் ஓட்டுநர் மலையகத் தமிழர். அவருக்குக் கோபமே வரவில்லை. "இங்க வயக்காட்டுக்காரங்களும் இப்படித்தாம்மா தட்டுவாங்க. அதான் அது ஓடிருச்சு. தண்ணிக்கு வரும், இருங்க" என்று சொல்லி, குளத்தோரம் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார்.

காத்திருந்தோம். அத்தை பாட்டிலை என்னிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "இதையும் பிடிச்சுக்கோ ஷர்மினி. விட்றாதே" என்றார். பால்மரக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. தனியாக இல்லை, குட்டியோடு. ஜீப்புக்கு வெகு அருகில் நின்று புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் போட்டுக்கொண்டது. என் கைக்குள் அத்தையின் விரல்கள் துடித்தன. நான் விடவில்லை.

"பெரியவரே," என்றார் அத்தை, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல. "அன்னைக்கு என் பிள்ளையைத் தொட்டுட்டு விட்டுட்டுப் போனீங்க. இந்தா, இங்கதான் உக்காந்திருக்கான். நல்லா இருக்கான். நீங்களும் உங்க பிள்ளையும் நல்லா இருக்கணும்."

தனேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது. அந்தத் தும்பிக்கை தூளியை ஆட்டிவிட்டு விலகியதால்தான் எனக்கு ஒரு கணவர் இருக்கிறார் என்று ஒருமுறைகூட நான் நினைத்ததில்லை.

"கையை விடுலா, கும்பிடணும்" என்றார் அத்தை.

விட எனக்கு மனசு வரவில்லை. அவர் கைகளைச் சேர்த்து, அவற்றின்மேல் என் கைகளையும் சேர்த்து, இரண்டு பேருமாகக் கும்பிட்டோம்.