முகப்பில் காணாமல் போன திதி

“ஓடுது. கை வைக்காதீங்க மச்சான்.” எங்கள் வலைத்தளத்தின் மாற்றக் குறிப்புகளில் கடைசியாக இருப்பது இதுதான். தைப்பூசத்துக்கு முந்திய வாரத் தேதியிட்டது. எழுதியவர் என் மனைவியின் தம்பி. சிரம்பான் பக்கம் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். மாசி பிறப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

தளம் மிகச் சின்னது. சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்து இறந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், பிறப்பு, இறப்பு, எந்த லயத்து வரிசை வீடு, என்ன வேலை, விசாரித்துத் தெரிந்த இரண்டு வரி. வெள்ளையில் கறுப்பு எழுத்து, வேறொன்றும் கிடையாது. ஒரு படமாவது போடலாமே என்று நான் கேட்டபோது, “ஜோடனை வேணாம் லா மச்சான். பழைய போன்லயும் தொறக்கணும்” என்றார். நான் கோலா பிலாவில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பக்கமும் எழுதியதில்லை. நான் எழுதித் தரும் வெறும் கோப்புகளை வலைப்பக்கங்களாக ஆக்கித் தருவதற்கு ஒரு நிரல் உண்டு. ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்று பெயர். அதை அவர் தன் கணினியில் வைத்து ஓட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தால், வைத்த கோப்பி ஆறிப்போகும் வரை தட்டிக்கொண்டிருப்பார். என்ன செய்கிறீர்கள் என்றால், “நீங்க தேதியப் பாருங்க, மெஷின நான் பாத்துக்கிறேன்” என்பார். தேதியையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவருடைய கணினி என் கைக்கு வந்து சில மாதங்களில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அது வேறு பல நிரல்களைத் துணைக்கு வைத்து ஓடுவது. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முரண்டு பிடித்தது. அதைச் சரிசெய்தால் முதலாவது பழுதானது. கண்ணும் முதுகும் தாங்கவில்லை. மாற்று தேடியபோது ஒன்று கவனித்தேன்: சொந்தத் தளம் வைத்திருக்கும் பலர் அதில் எழுதியிருப்பதெல்லாம், எந்த ஜெனரேட்டரிலிருந்து எந்த ஜெனரேட்டருக்கு மாறினேன் என்பதைத்தான். சிரிப்பு வந்தது, பிறகு நானும் அந்த வரிசையில் நின்றேன். இரண்டை முயன்று கைவிட்டு, துணை எதுவும் வேண்டாத, தனியாக ஓடும் ஒரு சிறிய நிரலில் போய் முடிந்தேன். எல்லாப் பக்கங்களையும் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டேன். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. என் மனைவி மட்டும், “தம்பி செஞ்சதத் தூக்கிப் போட்டாச்சா?” என்று கேட்டாள். எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம், எங்கள் தோட்டத்தில் லாரி டிரைவராக இருந்து இறந்த அண்ணனின் மனைவி சிரம்பானிலிருந்து கூப்பிட்டார். நாங்கள் அக்கா என்று அழைப்பவர். இப்போது மகளோடு ஒரு பிளாட்டில் இருக்கிறார்.

“தம்பி, அவர மேல காணோமே. வருசா வருசம் இந்நேரம் மேல வந்துருவாரு.”

நாலு தடவை விசாரித்த பிறகே புரிந்தது. ஒருவரின் திதி நெருங்கும்போது அவர் பெயர் முகப்பில் முதலாவதாக ஏறி, பக்கத்தில் இந்த ஆண்டு திதி எந்த நாள் என்று காட்டும்படி மச்சான் செய்துவைத்திருந்தார். தோட்டம் கலைந்து ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குடும்பங்கள் யாரிடமும் கேட்காமல், போனைப் பார்த்து, லீவு போட்டு, படைத்துக்கொண்டிருந்தன. தளத்தை எழுதியவன் நான். இது தெரியாதவனும் நான் ஒருவன்தான். புதிய நிரலில் பெயர்கள் இறந்த தேதி வரிசையில் அசையாமல் நின்றன.

“பையன் ஜொகூர்ல பெக்டரில இருக்கான். நாளைக்குள்ள லீவு கேட்டாத்தான் உண்டு. தப்பு நாள்ல படைச்சா அவரு வந்து பாத்துட்டு பட்டினியா போயிருவாரு தம்பி.”

அவர் இறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தேன். அன்று முற்பகலில் நவமி முடிந்து தசமி பிறந்திருக்கிறது. உயிர் பிரிந்த நேரத்தில் இருந்ததுதான் திதி. சான்றிதழில் நண்பகல், ஆகவே தசமி. அக்காவைக் கூப்பிட்டு அதையே சொல்லவிருந்தவன், உயிர் போனது நண்பகல்தானே என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.

“அது ஆஸ்பத்திரில எழுதுனது லா. அவர ரப்பர் பால் லாரில ஏத்தி, வேலை வாங்குற மண்டோர்தான் ஓட்டுனாரு. சுவா சந்தி தாண்டறப்பவே என் மடியில தலை சாஞ்சிருச்சு. நான் வாயத் தொறக்கல. சொன்னா வண்டியத் திருப்பி லயத்துக்கே கொண்டு போயிருவாங்கன்னு பயம். அப்ப பால் நிறுவைகூட ஆரம்பிக்கல.”

நிறுவைக்கு முன் என்றால் காலையே, அப்படியானால் நவமி. சென்ற வருடம் எந்த நாளில் படைத்தீர்கள் என்று கேட்டேன். “உன் மச்சான் போட்ட நாள்லதான்” என்றார், தேதி நினைவில்லை. பழைய முகப்பு புதியதால் அழிந்துவிட்டது, மச்சானின் நிரலைத் திறந்து பார்த்தும் எனக்குப் புரியவில்லை. மச்சான் அக்காவிடம் கேட்டு நவமியைப் போட்டாரா, என் சான்றிதழை நம்பித் தசமியைப் போட்டாரா, தெரியவில்லை. இத்தனை வருடமும் நான் காகிதத்தின் பக்கம் நின்றவன். அன்று போனைக் காதில் வைத்துக்கொண்டே இந்த வருடப் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். பிறகு நவமிக்குரிய நாளைச் சொன்னேன். மகனுக்கு லீவு கிடைத்தது.

படைத்த அன்று அக்கா மீண்டும் கூப்பிட்டார். “காக்கா வரல தம்பி, மைனாதான் வந்துச்சு. அவரு எதுல வேணாலும் வருவாரு, வண்டி ஓட்டுனவருதானே.”

திதி பார்க்கும் வேலையைப் புதிய ஜெனரேட்டருக்குக் கற்பிக்க எனக்குத் தெம்பில்லை. நானே பஞ்சாங்கம் பார்த்து, நானே வீட்டுக்கு வீடு கூப்பிடுகிறேன். உயிர் போன நேரத்தையும் கேட்கிறேன். சிலர் அழுகிறார்கள், சிலர் எதற்கு இப்போது என்கிறார்கள். இரண்டு வீடு பேசி முடிப்பதற்குள் களைத்துப்போகிறேன்.

டிரைவர் அண்ணனின் பக்கத்தில் இப்போது இரண்டு வரி இருக்கிறது. சான்றிதழ்ப்படி நண்பகல்; மனைவி சொன்னபடி சுவா சந்தி தாண்டும்போது, பால் நிறுவைக்கு முன். அன்றைக்குத் தோட்டத்தில் நிறுவை எத்தனை மணிக்குத் தொடங்கியது, தசமி பிறப்பதற்கு முன்னா பின்னா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.